தொழில் முன்னோடிகளுக்கும் நம் நினைவுக் கூடத்தில் இடம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

தேசத் தலைவர்களின் வாழ்வைச் சொல்லும் நம் நினைவுக் கூடத்தில், தொழிலில் புதுமை செய்து பொதுமக்களின் வாழ்க்கையை மாற்றியவர்களுக்கென ஒரு புதிய பகுதியை அமைக்க எங்கள் குழு முடிவு செய்துள்ளது. அதற்கு உங்கள் பொருளுதவியை நாடி இதை எழுதுகிறோம்.

நாட்டுக்காகச் சிறை சென்றவரின் படத்துக்கு அருகில் லாபம் கருதித் தொழில் தொடங்கியவரின் படத்தை மாட்டுவது முறையா என்று குழு உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தியாகத்தை அளவுகோலாகக் கொண்டால் இருவரும் சமமல்லர் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும், தம்மை ஒருபோதும் அறியாத கோடிக்கணக்கானோரின் அன்றாட வாழ்வை ஒருவர் எந்த அளவுக்கு மாற்றினார் என்று பார்க்கும்போது, தொழில் முன்னோடிகளை வாசலிலேயே நிறுத்திவைப்பதற்கு எங்களுக்குக் காரணம் தெரியவில்லை.

லாரி நிறுவனம் நடத்திய மால்கம் மெக்லீனை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 ஏப்ரல் 26 அன்று அவருடைய ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 58 கன்டெய்னர்களுடன் அமெரிக்காவின் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அதுவரை மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்து நாள்கணக்கில் ஏற்றி இறக்கிய சரக்கு, பிரிக்கப்படாமல் பெட்டியோடு லாரியிலிருந்து கப்பலுக்கு மாறியது. கடல்வழி வாணிகத்தின் செலவும் வேகமும் அடியோடு மாறின. அதே பெட்டி துறைமுகத் தொழிலாளர் பலரின் பிழைப்பையும் பறித்தது. இரண்டையும் ஒரே பலகையில் எழுதுவோம். நகரும் வரிசையில் கார்களைப் பூட்டும் முறையை 1913இல் தம் ஆலையில் கொண்டுவந்த ஹென்றி ஃபோர்டு, பின்னர் தமது பத்திரிகையில் யூதர்களுக்கு எதிரான வெறுப்பைப் பரப்பியதும் அவ்வாறே எழுதப்படும். குறைகளை மறைத்துச் செய்யும் மரியாதை விளம்பரமாகிவிடும் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

இத்தகையோரைப் போற்றுவது உலகுக்குப் புதிதன்று. ஜே.ஆர்.டி. டாடாவுக்கு இந்தியா 1992இல் பாரத ரத்னா வழங்கியது. நீராவி எந்திரத்தைத் தொழிலாக வளர்த்த மேத்யூ போல்ட்டனையும் ஜேம்ஸ் வாட்டையும் 2011இல் இங்கிலாந்து வங்கி தனது 50 பவுண்டு தாளில் அச்சிட்டது. வங்கிகளும் ஆலைகளும் தோன்றத் துணைநின்ற ஷிபுசாவா எய்இச்சியின் முகம் 2024 முதல் ஜப்பானின் 10,000 யென் தாளில் இருக்கிறது.

செல்வத்தின் அளவுக்காக மட்டும் எவருக்கும் இங்கே இடமில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கும் இல்லை. இடம்பெறுவோரின் நிறுவனங்களிடமிருந்தோ வாரிசுகளிடமிருந்தோ ஒரு காசும் பெறுவதில்லை என்றும் தீர்மானித்திருக்கிறோம். பணம் கொடுத்தவரே புகழையும் எழுதிக்கொள்ளும் நிலை வந்துவிட்டால் தலைவர்களின் படங்களுக்கும் அது இழுக்காகும். எளிதாகக் கிடைக்கக்கூடிய பெருந்தொகைகளை இதனால் இழக்கிறோம் என்பதை அறிந்தே, பொதுமக்களாகிய உங்களிடம் வருகிறோம்.

திரட்டும் நிதி, மூல ஆவணங்களின் படிகளைப் பெறவும், மாணவர்கள் தொட்டு இயக்கிப் பார்க்கக்கூடிய மாதிரி எந்திரங்களைச் செய்யவும், அரங்கை அமைக்கவும் மட்டுமே செலவிடப்படும். தொகை சிறிதாயினும் மகிழ்ச்சியுடன் ஏற்போம். கொடுத்தவர்களின் பெயர்கள், தொகை குறிப்பிடாமல், அகர வரிசையில் பதிவேட்டில் இடம்பெறும். தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு கூடத்தின் வாயிலில் ஒட்டப்படும். நன்கொடையைக் கூடத்தின் அலுவலகத்தில் செலுத்தி, தவறாமல் ரசீது பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
நினைவுக் கூட விரிவாக்கக் குழுவினர்