ஆண்டறிக்கை 2024–25: இந்த முறை படித்துவிட்டுப் போனோம்

தலைவர் அவர்களுக்கும் பொருளாளருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நம் பொள்ளாச்சி வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

வழக்கமான பணிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் 11 நடந்தன; டிசம்பர் கூட்டம் மழையால் நின்றுபோனது. அலமாரிக்கு 46 நூல்கள் புதிதாக வந்தன. அவற்றில் பாதிக்கு மேல், கடந்த ஜூலையில் நம்மை விட்டுப் பிரிந்த தமிழாசிரியர் ஐயா சேர்த்து வைத்திருந்தவை. அவருடைய குடும்பத்தார் நமக்கே கொடுத்துவிட்டார்கள். பெரும்பாலும் மலையாளத்திலிருந்து தமிழுக்கு வந்த நூல்கள். இலக்கிய விழாவுக்கான கோழிக்கோட்டுப் பயணம் இந்த ஆண்டு நல்லபடியாக அமைந்ததற்கு அந்த நூல்களே காரணம்.

கோழிக்கோடு கடற்கரையில் கேரள இலக்கிய விழா 2016 முதல் நடந்து வருகிறது. கவிஞர் கே. சச்சிதானந்தன் அதன் இயக்குநர். கடற்கரை நெடுகப் பந்தல் போட்டு ஒரே நேரத்தில் பல அரங்குகளில் பேச்சு நடக்கும். அந்த நகரை 2023 அக்டோபரில் யுனெஸ்கோ 'இலக்கிய நகரம்' என்று அறிவித்தது. இந்தியாவில் அந்தப் பெயர் பெற்ற முதல் நகரம் அதுதான். 2024 ஜனவரியில் நாம் 22 பேர் போனோம். அரங்கு அரங்காக ஓடினோம், படம் எடுத்தோம், திரும்பினோம். அடுத்த மாதக் கூட்டத்தில் கேட்டதைச் சொல்லுங்கள் என்றபோது யாராலும் பத்து நிமிடம் பேச முடியவில்லை. அது என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆகவே இம்முறை அக்டோபரிலேயே படிக்கத் தொடங்கினோம். சுந்தர ராமசாமி மொழிபெயர்த்த தகழியின் 'செம்மீன்', அடுத்து எம்.டி. வாசுதேவன் நாயரின் 'இரண்டாம் இடம்', பிறகு விழாவுக்கு வரவிருந்தவர்களின் கதைகளில் தமிழில் கிடைத்தவை. வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கேள்வியாவது எழுதி வர வேண்டும் என்று தீர்மானித்தோம். 14 பேர் பெயர் கொடுத்தார்கள். அந்த நாவலின் நாயகனான பீமனை வைத்து நாம் விவாதித்துக்கொண்டிருந்த நாட்களில், டிசம்பர் 25 அன்று எம்.டி. காலமானார். அந்தச் செய்தி வந்த இரவு நம் வாட்ஸ்அப் குழுவில் யாரும் தூங்கவில்லை.

ஜனவரி 25, சனிக்கிழமை அதிகாலை பாலக்காட்டுக்குப் பேருந்து, அங்கிருந்து ரயில். பட்டாம்பி தாண்டியதும் ஜன்னலோரம் பாரதப்புழை தெரிந்தது. மணல் திட்டுகளுக்கு நடுவே நூல் பிடித்தாற்போல் தண்ணீர். எம்.டி. பிறந்த கூடல்லூர் அந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. நம் ஆழியாறும் சித்தூர்ப்புழை வழியாக அந்த ஆற்றில்தான் போய்க் கலக்கிறது என்று தலைவர் சொன்னதும் எல்லோரும் எழுந்து ஜன்னல் பக்கம் வந்துவிட்டார்கள். நம்ம ஊர்த் தண்ணீர் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டோம்.

விடுதி விஷயத்தில் ஒரு குறை நேர்ந்தது. முன்பணம் வாங்கிய இடத்தில் கடைசி நேரத்தில் அறை இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். பெண் உறுப்பினர்கள் இரவு பத்து மணி வரை பைகளோடு காத்திருக்க நேர்ந்தது. முந்தின நாளே நான் மறுபடி பேசி உறுதி செய்திருக்க வேண்டும். வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஞாயிறு காலை நடந்ததைச் சற்று விரிவாகவே பதிவு செய்ய விரும்புகிறேன். மலையாளச் சிறுகதையாளர் ஒருவரின் அமர்வு. ஒரு மணி நேரமும் எழுந்திருக்காமல் கேட்பது என்று முடிவு செய்து முன்வரிசைகளில் அமர்ந்தோம். பாதிப் பேச்சு நேராகப் புரிந்தது. மீதியைப் பாலக்காட்டில் வளர்ந்த நம் பொருளாளர் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தார். கேள்வி நேரம் வந்ததும், தையற்கடை வைத்திருக்கும் நம் அக்கா கையைத் தூக்கினார். மைக் கையில் வந்தபோது அவர் நோட்டைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின.

"தமிழ்லயே கேக்கலாமுங்களா?"

"சோதிச்சோளூ, தமிழ் மனசிலாகும்." (கேளுங்கள், தமிழ் புரியும் என்றார்.)

"உங்க கதையில அந்தம்மா கடைசி வரைக்கும் கதவச் சாத்தறதே இல்லீங்க. எழுத உக்காரும்போதே அது தெரியுமுங்களா, எழுதி வரும்போது வந்ததுங்களா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, நமக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பதில் சொன்னார். முதல் பிரதியில் கதவு சாத்தித்தான் இருந்ததாம். படித்துப் பார்த்த அவருடைய மனைவி, "இந்தப் பொம்பளை சாத்த மாட்டாள்" என்றாராம். கடைசிப் பக்கத்தை மூன்று முறை மாற்றி எழுதினாராம். நம் 14 பேரும் அந்தக் கதையைப் படித்திருந்தோம். அந்தக் கதவு எங்கள் கண்முன் நின்றது. அமர்வு முடிந்து இறங்கி வந்த அவர், அக்காவின் நோட்டை வாங்கி மற்ற கேள்விகளையும் நின்றபடியே படித்தார்.

பிற்பகலில் மிட்டாய்த் தெரு கடைவீதிக்குப் போனோம். கடற்கரையில் உப்பிலிட்ட மாங்காயும், சுலைமானி என்னும் பாலில்லாத தேநீரும் ஆயிற்று. பிப்ரவரிக் கூட்டம் மூன்று மணி நேரம் ஓடியது. முடித்து வைக்க நான்தான் மணி அடிக்க வேண்டியிருந்தது.

ஒரே அரங்கில் உட்கார்ந்ததால் பல பேச்சுகள் தவறிவிட்டன என்று இளைய உறுப்பினர்கள் சிலர் குறைப்பட்டார்கள். அவர்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனாலும் ஒரு நாளைக்கு இரண்டு அமர்வு போதும், அவற்றுக்குப் படித்துவிட்டுப் போவோம் என்பதே என் கருத்து. அடுத்த பயணத்துக்கு வட்டம் தரும் 500 ரூபாய் உதவியை, பட்டியலில் உள்ள மூன்று நூல்களையும் படித்தவர்களுக்கு மட்டும் வழங்கலாம் என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். வழிமொழிபவர்கள் பெயர் தரலாம். மூன்று நூல்கள் எவை என்பதையும் இன்றே முடிவு செய்துவிட்டால் ஆகஸ்டுக்குள் பிரதிகள் வாங்கிவிடலாம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். இந்த அறிக்கைக்கு ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்