பன்னிரண்டாவது படம்

அன்புள்ள அண்ணே,

போன வாரம் போனில் பேசும்போது நான் சொன்னது பாதிகூட உங்களுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன். பேத்தி வாசித்துக் காட்டட்டும். கல்யாணப் படம் எடுக்கிற நம் தொழிலில் இருக்கும் பையன்களும் படிக்கட்டும் என்று இதைப் பொதுவில் வைக்கிறேன். உங்களுக்கு அதில் வருத்தம் இருக்காது என்று நம்புகிறேன்.

வைகாசியில் நான் தொழிலை விட்டுவிடுவதாக இருந்தேன். இதை உங்களிடம் சொல்லவில்லை. அந்த மாதம் மட்டும் 11 கல்யாணம், பணத்துக்குக் குறைவில்லை. ஒரு ஆல்பம் கொடுக்கப் போன இடத்தில்தான் ஆரம்பித்தது.

மணப்பெண்ணின் அம்மா ஆல்பத்தை மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாக, அவசரமே இல்லாமல் பார்த்துக்கொண்டு வந்தார். மருதாணிக் கைகள் மட்டும் இருந்த ஒரு முழுப்பக்கப் படத்தில் நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, இது என் பொண்ணு கை இல்லையே” என்றார். நான் இல்லையம்மா, இதுதான் என்றேன். “கட்டை விரலுக்குக் கீழே குக்கர் சுட்ட தழும்பு இருக்குமே. ஆறாவது படிக்கிறப்போ, நான் வேலைக்குப் போன நேரத்துல அவளே சோறு வைக்கப்போய்ச் சுட்டுக்கிட்டது” என்றார்.

அவர் சொன்னது சரி. அதே வாரம் எடுத்த இன்னொரு கல்யாணத்தின் படம் அதில் கலந்திருந்தது. அதே அரக்கு நிறப் பட்டு, அதே மருதாணி, பின்னாலிருந்து அதே வெளிச்சம். ஆல்பம் டிசைன் செய்த பையனுக்கும் தெரியவில்லை, சரிபார்த்து அனுப்பிய எனக்கும் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, சரியான படத்தைத் தேடி எடுத்தேன். அதிலும் தழும்பு இல்லை அண்ணே. பரு, மச்சம், தழும்பு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று ரீடச் செய்பவர்களுக்கு, அதாவது படத்தைத் திருத்துகிறவர்களுக்கு, நான்தான் பல வருஷத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்க்கைத் தேடிப் பழைய ஃபைலைத் திறந்து பார்த்தபோதுதான், ஒரு அரிசி அளவுக்கு அது தெரிந்தது.

புது ஆல்பம் போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா அதற்கப்புறம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. எனக்குத்தான் தூக்கம் போனது. யாருடைய கையை யார் ஆல்பத்தில் வைத்தாலும் பொருந்துகிற மாதிரிப் படம் எடுக்கிறவன் எதற்கு அங்கே போய் நிற்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

இப்போது எப்படி வேலை நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கடையில் உட்காருவதை நிறுத்தியபோது கேண்டிட், அதாவது போஸ் கொடுக்க வைக்காமல் இயல்பாக எடுப்பது, என்ற பேச்சே புதிது. இப்போது ட்ரெடிஷனலுக்கு ஒரு ஆள், கேண்டிடுக்கு ஒரு ஆள், வீடியோவுக்கு இரண்டு பேர், ட்ரோனுக்கு ஒருத்தர். பெண்ணும் மாப்பிள்ளையும் போனில் சேர்த்துவைத்த ரீல்ஸைக் காட்டி, “அண்ணா, இதே மாதிரி” என்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, ஆசைப்படுகிற வயசு. அந்த ரீல்ஸை எடுத்தவனும் இன்னொரு ரீல்ஸைப் பார்த்து எடுத்தவன்தான். இரண்டு நாளில் 4,000 படம் எடுக்கிறோம். 85 எம்.எம். லென்ஸின் துவாரத்தை 1.4 வரை அகலமாகத் திறந்து வைத்தால் மணமக்களுக்குப் பின்னால் நிற்கிற சித்தப்பா, அத்தை, பந்திக்குக் கூப்பிட வந்தவர் எல்லாரும் வெளிச்சப் புள்ளியாகக் கரைந்துவிடுவார்கள். அதைத்தான் அழகு என்று இவ்வளவு நாள் நினைத்தேன்.

ஆனி முழுக்க வந்த அட்வான்ஸை எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆடியில் எப்படியும் கல்யாணம் இல்லை. அப்போதுதான் உங்கள் மகன் போன் செய்தார், கடையைக் காலி செய்கிறோம், பரணில் அப்பாவின் பெட்டிகள் இருக்கின்றன, உனக்கு வேண்டுமா என்று.

கீழே ஒருவர் தராசோடு நின்றிருந்தார். பழைய நெகட்டிவை எடைக்கு வாங்கி வெள்ளி பிரிக்கிறவர்களுக்குக் கொடுப்பவர். நான் ஒரு மணி நேரம் தாமதமாகப் போயிருந்தால் எல்லாம் போயிருக்கும். எத்தனை ஊரில் எத்தனை ஸ்டுடியோப் பெட்டிகள் இப்படிப் போயிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. புதுச்சேரியில் இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு பழைய தமிழ் ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடிப் பிடித்து டிஜிட்டலில் சேர்த்திருக்கிறது. அவர்களுக்குத் தெரிந்த அருமை நமக்கு, அதே கடையில் நின்று சாப்பிட்டவர்களுக்கு, தெரியாமல் போயிற்றே.

ஏழு பெட்டி. ஒவ்வொரு ரோலும் பட்டர் பேப்பர் கவரில், மேலே உங்கள் கையெழுத்தில் ஊரும் மாதமும். சிலதில் ஃபிலிம் கெட்டுப்போகிறபோது வருகிற வினிகர் வாடை வந்துவிட்டது, அதுகளை முதலில் எடுத்தேன். லைட் பேட் மேல் நெகட்டிவை வைத்து, மேக்ரோ லென்ஸால் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் கறுப்பை வெள்ளையாக்கிப் பார்க்கிற வேலை. ஆடி முழுக்க அதுதான். பெரும்பாலும் ஓர்வோ கம்பெனி ஃபிலிம், நடுவில் ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ (Indu) என்ற பெயர் போட்ட ரோல்கள். ஃபிலிமின் ஓரத்தில் அந்தப் பெயர்களை வாசிக்கும்போதே ஃபிலிம் கழுவுகிற இருட்டறையின் ஹைப்போ மருந்து வாசனை வந்துவிட்டது.

நாலாவது நாள்தான் கவனித்தேன். 120 என்கிற அகல ஃபிலிம் ரோல் ஒன்றில் 12 படம். பதினொன்று வரை எல்லாம் முறைப்படி இருக்கும். மாலை மாற்றுவது, தாலி கட்டுவது, அம்மி மிதிப்பது, குடும்பத்தோடு வரிசையாக நிற்பது. முகூர்த்த வேளை ரோல்களில் பன்னிரண்டாவதும் அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு கல்யாணத்திலும் கடைசி ரோலின் கடைசிப் படம் மட்டும் வேறு. நாதஸ்வரக்காரர் சீவாளியைக் கழற்றித் துணியால் துடைக்கிறார். ஜமுக்காளம் சுருட்டுகிறவர் பாதிச் சுருளின் மேல் உட்கார்ந்து பீடி பற்றவைக்கிறார். ஒரு பெண்ணின் அப்பா, கடைசிப் பந்தியில் தனியாக, இலையில் பரிமாறியதைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார். இதுவரை 63 கல்யாணம் ஸ்கேன் செய்திருக்கிறேன். ஒன்றில்கூட இது தவறவில்லை. ஒன்றும் பிரிண்ட் போட்டதாகத் தெரியவில்லை. ஆல்பத்தில் போகாத படத்துக்கு உங்களுக்கு யாரும் காசு கொடுத்திருக்க மாட்டார்கள்.

நான் உங்களிடம் வேலைக்குச் சேர்ந்தது 2003-இல். மண்டபம் காலியானதும் என்னை ஸ்டாண்டையும் வயரையும் கட்டச் சொல்லிவிட்டு, “மிச்சத்தை அடிச்சுட்டு வர்றேன்” என்று உங்கள் யாஷிகா கேமராவோடு உள்ளே போவீர்கள். ரோலைக் கழற்றுவதற்காக ஏதோ சுவரைப் படம் எடுத்து முடிக்கிறீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் பார்த்தேன். நீங்களும் தழும்பை மறைத்திருக்கிறீர்கள். ஊசி மாதிரி சீவிய ரீடச் பென்சிலால் நெகட்டிவில் மணப்பெண் முகத்தின் மேல் நீங்கள் இட்ட கோடுகள் பெரிதாக்கினால் தெரிகின்றன. அது தொழில், கேட்டதைக் கொடுத்தீர்கள். பன்னிரண்டாவதில் மட்டும் பென்சில் படவே இல்லை.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். கவரில் ‘திருமங்கலம், ஆவணி 86’ என்று இருக்கிறது. தூணை ஒட்டி ஒரு அம்மா நிற்கிறார். வெறும் நெற்றி, வெள்ளைச் சேலை. மேடை காலியாக இருக்கிறது, எல்லாரும் சாப்பிடப் போயிருக்க வேண்டும். அவர் வலது கை மூடியிருக்கிறது, விரல் இடுக்கில் அட்சதை. முகூர்த்த நேரத்தில் கொடுத்த அட்சதையைப் போட அவருக்கு மேடை வரை போக வழி இல்லாமல், கையிலேயே வைத்திருந்திருக்கிறார். உங்களை நேராகப் பார்க்கிறார். கூச்சமும் இல்லை, அழுகையும் இல்லை.

அதைப் பார்த்ததும் எழுந்துபோய் என் பழைய சி.டி.க்களைத் தேடினேன். 2009-இல் என் தங்கை கல்யாணம். நீங்கள் கொடுத்த நிக்கான் டி90 கேமராவை வைத்து நான்தான் எடுத்தேன், 1,140 படம். அப்பா 98-இலேயே போய்விட்டார், தெரியும்தானே. அன்றைக்கு அம்மா எங்கே நின்றாள் என்று தேடினேன். நாலு படத்தில் இருக்கிறாள். நாலிலும் பின்னால், தூண் பக்கத்தில், ஃபோகஸ் இல்லாமல். பெற்ற மகன் கேமராவோடு பத்தடி தள்ளி நின்றிருக்கிறேன்.

அம்மாவிடம் காட்டினேன். “நான்தானேப்பா தள்ளி நின்னேன், நீ என்ன பண்ணுவ” என்றாள். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை.

ஆவணியில் மறுபடி வேலை எடுத்தேன். முதல் கல்யாணம் திருப்பரங்குன்றத்தில். வளர்பிறை முகூர்த்தம், கோயிலைச் சுற்றி எங்கு பார்த்தாலும் மாலையும் கழுத்துமாக ஜோடிகள். முடிந்ததும் உங்களை மாதிரியே ஒரு படம் எடுக்கலாம் என்று போனேன். வரவில்லை. யாராவது சோகமாக இருக்கிறார்களா என்று வேட்டைக்காரன் மாதிரி அலைந்தேன். கேமராவைக் கண்ணில் வைத்ததும் சிரித்தார்கள், அல்லது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அடுத்த இரண்டு கல்யாணத்திலும் அதே கதை. நமக்கு இது வராது என்ற பழைய எண்ணம் திரும்பவும் எட்டிப் பார்த்தது.

அப்புறம் ஒரு ராத்திரி உங்கள் யாஷிகாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேல்மூடியைத் திறந்து, வயிற்றுக்கு நேராகப் பிடித்து, உள்ளே கண்ணாடியில் பார்த்தபோது புரிந்தது. இந்தக் கேமராவில் படம் எடுக்கிறவன் எதிரே இருப்பவரைக் குறிபார்ப்பதில்லை. தலையைக் குனிகிறான். இடம் வலமாகத் தெரிகிற அந்தக் கண்ணாடியில் ஆளைச் சரியாகப் பொருத்தவே நேரம் ஆகும். அதற்குள் எதிரே இருப்பவருக்கு நாம் பழகிவிடுகிறோம். அந்தத் திருமங்கலத்து அம்மா உங்களை அப்படிப் பார்த்ததற்கு இது ஒரு காரணமாக இருக்க வேண்டும். மற்றது நீங்கள் அவரிடம் என்ன பேசினீர்கள் என்பது. அது உங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த கல்யாணத்தில் என் கேமராவின் திரையை மடக்கித் திருப்பி, இடுப்பு உயரத்தில் வைத்துக் குனிந்து பார்த்தேன். மண்டபப் படியில் பெண்ணின் தம்பி உட்கார்ந்திருந்தான். இரண்டு நாளாக மாடிக்கும் கீழுக்கும் ஓடியவன். ஒரு செருப்பின் வார் அறுந்துவிட்டது, இரண்டையும் கையில் வைத்திருந்தான். “ஒரு படம் எடுக்கட்டுமா தம்பி?” என்று கேட்டேன். “என்னையவா?” என்றான். எடுக்கச் சம்மதித்தபின் செருப்பைக் கீழே போடுவானென்று நினைத்தேன். போடவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தான், அவ்வளவுதான். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் ஒரு படம் எடுக்கும்போது எனக்குக் கை நடுங்கியது.

அதை ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் கேட்காமலேயே வைத்தேன். ரீடச் செய்பவர்களுக்கும் புதிதாக எழுதிக் கொடுத்துவிட்டேன்: பருவை எடுக்கலாம், வடுவையும் தழும்பையும் மச்சத்தையும் கேட்காமல் தொடக்கூடாது.

புரட்டாசி இரண்டாவது வாரம் கோவைக்கு வருகிறேன். அந்த 63 படத்தையும் பிரிண்ட் போட்டுக்கொண்டு வருவேன். உங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்பதால் பெரிய அளவில் போடச் சொல்லியிருக்கிறேன். திருமங்கலத்து அம்மா யார், அவர் யாருடைய கல்யாணத்துக்கு வந்திருந்தார் என்று யோசித்து வையுங்கள். அந்த வீட்டில் யாராவது இருந்தால் ஒரு பிரிண்ட் அவர்களிடம் சேர வேண்டும்.

யாஷிகாவையும் கொண்டுவருகிறேன். ஷட்டர் மெதுவான வேகங்களில் ஒட்டிக்கொண்டிருந்தது, சரிசெய்தாயிற்று. 120 ஃபிலிம் இன்னும் கிடைக்கிறது, விலைதான் கூடிவிட்டது. ஒரு ரோல் போட்டிருக்கிறேன். என் அம்மாவை எடுத்தேன், இடிக்கப் போகிற நம் கடையை எடுத்தேன், வாசலில் டீ கொண்டுவருகிற அண்ணனை எடுத்தேன். கிராங்கைச் சுற்றிவிட்டேன், இப்போது எண் பன்னிரண்டில் நிற்கிறது. ரோலைக் கழற்றாமல் அப்படியே கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் லைட் பாய்