கார்வாலிஸிலிருந்து

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் மனசு ஆறியது.

"நம்ம பேக்-12 என்னடா ஆச்சு?" என்று கேட்டிருந்தாய். நம் ஆரிகன் ஸ்டேட் ஆடும், மேற்குப் பக்கத்துக் காலேஜ்களின் விளையாட்டுக் கூட்டணி, அந்த கான்ஃபரன்ஸின் கதையைச் சொல்கிறேன். 2006 அக்டோபர் ஞாபகம் இருக்கிறதா? நம் ரீசர் ஸ்டேடியத்தில், அமெரிக்கக் கால்பந்தில் நாட்டிலேயே மூன்றாம் இடத்தில் இருந்த லாஸ் ஏஞ்சலஸ் காலேஜ் யூ.எஸ்.சி.யை 33-31 என்று சாய்த்தோமே. ஏழு நொடி மிச்சம் இருக்கும்போது அவர்கள் டச்டவுன் போட்டு, சமன் செய்ய எறிந்த பந்தை நம் பையன் கை உயர்த்தித் தட்டிவிட்டான். மைதானத்துக்குள் ஓடியதில் உன் ஒரு செருப்பு போயே போனது.

அதே யூ.எஸ்.சி.தான் 2022 ஜூனில் அதே ஊர் யூ.சி.எல்.ஏ.வைக் கூட்டிக்கொண்டு பிக் டென் என்ற வேறொரு கான்ஃபரன்ஸுக்குக் கிளம்பியது. லாஸ் ஏஞ்சலஸ் காலேஜ்கள் போனதும் டிவிக்காரர்களுக்கு நம் கான்ஃபரன்ஸ் மேல் இருந்த ஆசையும் போய்விட்டது. பிக் டென்னுக்கு டிவி ஒப்பந்தத்தில் ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல். நமக்குக் கடைசியில் வந்தது ஆப்பிள் ஸ்ட்ரீமிங் வாய்ப்பு மட்டும்தான். 2023 ஆகஸ்ட் 4, ஒரே நாளில் ஐந்து காலேஜ் போயின. ஆரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு. அரிசோனாவின் இரண்டும் யூட்டாவும் பிக் 12 என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்கு. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரை கான்ஃபரன்ஸில் சேர்ந்தன. வாரநாளில் வாலிபால் ஆடக் கண்டத்தைத் தாண்டிப் பறக்கும் பிள்ளைகள் எப்போது படிப்பார்கள், சொல்.

மிஞ்சியது நாமும் புல்மனில் இருக்கும் வாஷிங்டன் ஸ்டேட்டும். 1915-இல் இதைத் தொடங்கிய நான்கு காலேஜில் நம்முடையதும் ஒன்று. ஆட்டம் மோசம் என்று யாரும் நம்மை விடவில்லை, சேகர். ஊர் சின்னது, டிவி பார்க்கும் வீடுகள் குறைவு, அவ்வளவுதான்.

ஆரிகன் யூனிவர்சிட்டி, அந்த யூஜீன்காரர்கள் போனதுதான் எனக்கு ஆறவில்லை. ஒரு மணி நேர கார் பயணம், 1894-லிருந்து ஆடும் ஆட்டம். நவம்பர் குளிரில், தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் ஆடினால்தானே அது அது? 2024-இல் செப்டம்பர் வெயிலில் வைத்தார்கள். 49-14, தோற்றோம். எதிர்வீட்டுத் தாத்தா நம் ஆரஞ்சு, பாட்டி யூஜீன் பச்சை. இரண்டும் பாதிப்பாதியாகத் தைத்த கொடியை வருஷா வருஷம் வாசலில் கட்டுவார்கள். அன்றைக்குக் கட்டவில்லை. "இன்னும் இலையே உதிரலையே" என்றார் தாத்தா.

நாம் சும்மா இருந்துவிடவில்லை. கோர்ட்டுக்குப் போய் கான்ஃபரன்ஸ் நிர்வாகத்தை நாமும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மீட்டோம். பாய்ஸி, ஃப்ரெஸ்னோ, சான் டியேகோ, கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்ஸஸ் ஸ்டேட் என்று ஆள் சேர்த்து, 2026-இலிருந்து மறுபடி பேக்-12. நடுவில், கான்ஃபரன்ஸே இல்லாமல் தனியாக நின்ற நம் பேஸ்பால் பையன்கள் 2025-இல் காலேஜ் பேஸ்பாலின் கடைசிச் சுற்று நடக்கும் ஒமாஹா வரை போனார்கள் தெரியுமா? அன்றிரவே உனக்குப் போன் போட்டேன், நீ எடுக்கவில்லை.

நவம்பரில் வா. உன் ஆரஞ்சு ஸ்வெட்டர் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. இந்தத் தடவை ஷூ போட்டுக்கொண்டு வா.

அன்புடன்,
ரவி