அடுத்த படகைத் தேடும் அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பழைய படகை விற்றுவிடுவதென்று முடிவாகிவிட்டது, அதற்கு மாற்றாக எப்படிப்பட்ட நேரோபோட்டை, அதாவது கால்வாய்களில் ஓடும் குறுகிய நீண்ட எஃகுப் படகை, தேடுவது என்பதில்தான் குழப்பம் என்று சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னீர்கள். பேரப்பிள்ளைகள் வந்து தங்குவதற்கு வசதியாக இம்முறை 70 அடிப் படகாகவே வாங்கிவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கு இருப்பதும் பேச்சில் தெரிந்தது. அப்போது அடுப்பில் வேலையிருந்ததால் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்களும் இதே தேடலில் எட்டு மாதம் அலைந்தவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அலைச்சலில் கற்றதை நிதானமாக எழுதினால், இங்கிலாந்துக் கால்வாய்களில் இரண்டாவது படகு தேடும் வேறு சிலருக்கும் உதவக்கூடும் என்பதால் இக்கடிதத்தைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதல் படகை வாங்கும்போது நம் எவருக்கும் அனுபவம் இருக்கவில்லை. ஆசை காட்டிய வழியில் போனோம். இப்போது உங்களிடம் அத்தானின் குறிப்பேடு இருக்கிறது. எந்த இரவு எங்கே கட்டினோம், யார் உடன் இருந்தார்கள், எத்தனை லாக் (நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) ஏறி இறங்கினோம் என்று அவர் இத்தனை ஆண்டுகளாக எழுதிவருவதை நான் பார்த்திருக்கிறேன். எந்த விற்பனை நிலையத்துக்கும் போவதற்கு முன் ஒரு மாலை முழுவதும் அந்தக் குறிப்பேட்டோடு உட்காருங்கள். படகில் நான்கு பேருக்கு மேல் தூங்கிய இரவுகள் எத்தனை, குளிர்காலத்தில் தங்கிய வாரங்கள் எத்தனை, ஒரே இடத்தில் கட்டிக் கிடந்த நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நாங்கள் எண்ணியபோது, விருந்தினர் அறை வேண்டும் என்று ஓராண்டாக வாதாடிக்கொண்டிருந்த எனக்கு, ஒன்பது ஆண்டுகளில் மொத்தமே பதினாறு இரவுகள்தான் விருந்தினர் தங்கியிருக்கிறார்கள் என்பது தெரியவந்தது. அந்தப் பதினாறு இரவுகளுக்காகப் பத்தடி எஃகை ஆண்டு முழுவதும் இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை என்று அன்றே விட்டுவிட்டேன்.

நீளத்தைப் பற்றி முதலில் எழுதுவதற்குக் காரணம், வாங்கிய பின் சுலபமாக மாற்ற முடியாதவற்றில் அது முதலாவது என்பதே. நேரோபோட்டின் அகலம் 6 அடி 10 அங்குலம். குறுகிய லாக்குகள் ஏறத்தாழ 7 அடி அகலத்தில் கட்டப்பட்டிருப்பதால் அதில் நமக்குத் தேர்வு கிடையாது. நீளத்தில் தேர்வு உண்டு, ஆனால் அது போகும் ஊரையும் சேர்த்தே தீர்மானித்துவிடும். அடுத்த ஆண்டு யார்க்‌ஷயர் பக்கம் போய், ஸ்டான்டெஜ் சுரங்கத்தைக் கடந்து பார்க்க வேண்டும் என்று அத்தான் நெடுநாளாகச் சொல்லிவருகிறார். பென்னைன் மலைக்குள் 5 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் அந்தச் சுரங்கம் 1811-இல் திறக்கப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டு, 2001-இல் மீண்டும் திறக்கப்பட்டது; பிரிட்டனின் கால்வாய்ச் சுரங்கங்களில் மிக நீளமானதும் அதுவே. 70 அடிப் படகு அதைக் கடந்து ஹடர்ஸ்ஃபீல்ட் வரை இறங்கலாம். அதைத் தாண்டிப் போக முடியாது. ஹடர்ஸ்ஃபீல்டுக்கு அப்பால் உள்ள அகலக் கால்வாயின் லாக்குகளும், அதை அடுத்து வரும் கால்டர் அண்ட் ஹெபிள் நீர்வழியின் லாக்குகளும் அகலமானவை என்றாலும் நீளத்தில் குட்டையானவை. 57 அடிப் படகு என்றால் ஏறத்தாழ எங்கும் போகும் என்று படகுக்காரர்கள் சொல்வது அந்த லாக்குகளை வைத்துத்தான். ஆகவே 70 அடி வாங்கினால், மலையைக் குடைந்து அந்தப் பக்கம் இறங்கிய அத்தான், படகைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே மறுபடியும் மலையேற வேண்டியதுதான்.

நீளத்தின் செலவும் அங்கேயே நின்றுவிடுவதில்லை. கால்வாய்களைப் பராமரிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்டின் உரிமக் கட்டணம் நீளத்தோடு ஏறுகிறது. படகு கட்டும் இடத்தின் வாடகையையும் படகின் அடிப்பகுதிக்குத் தார் பூசும் கூலியையும் பெரும்பாலும் நீளத்தைக் கொண்டே கணக்கிடுகிறார்கள். திருப்பும் இடங்களிலும் முழு நீளப் படகைத் திருப்பத்தக்கவை குறைவு. வழி தப்பினால் மைல் கணக்கில் போய்த் திரும்ப வேண்டியிருக்கும். பேரப்பிள்ளைகள் வரும் கோடை வாரங்களுக்கு, பகலில் இருக்கையாகவும் இரவில் கட்டிலாகவும் மாறும் மேசை இருக்கை போதும் என்பது என் கருத்து. 50 முதல் 57 அடிக்குள் தேடுங்கள்.

நீளத்துக்கு அடுத்தது எஃகு. எங்கள் மனதில் இன்னும் ஆறாமல் இருக்கும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டியது இங்கேதான். தேடலின் நான்காம் மாதம், ஷ்ராப்ஷயர் யூனியன் கால்வாயோரத்தில் ஒரு படகைப் பார்த்தோம். ஓக் பலகை வேய்ந்த சுவர்கள், புத்தம்புது சமையலறை, பித்தளை விளக்குகள். உள்ளே நுழைந்த ஐந்து நிமிடத்தில் எந்தத் தட்டில் என் மசாலா டப்பாக்கள் வரும் என்று மனதுக்குள் அடுக்கிவிட்டேன். விலை பேசி, முன்பணம் கட்டி, படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிச் சர்வே செய்ய ஏற்பாடு செய்தோம். சர்வேயர் ஓரடிக்கு ஓரிடம் பூச்சைச் சுரண்டி, ஒலியலைக் கருவியை வைத்து, தகட்டில் மிச்சமிருக்கும் கனத்தை மில்லிமீட்டரில் சுண்ணக்கட்டியால் கறுத்த எஃகின் மேலேயே எழுதிக்கொண்டு போனார். 5.6, 5.4, 5.5 என்று பக்கத் தகட்டில் எழுதியவர், பின்பகுதியில் தண்ணீர்க் கோட்டுக்குச் சற்றுக் கீழே குனிந்து 3.9 என்று எழுதிவிட்டு, அருகிலிருந்த குழி ஒன்றில் தன் சுண்டுவிரல் நுனியை வைத்துக் காட்டினார். விரல் நுனி அதில் பதிந்து நின்றது. ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தோம். சர்வேக்கும் தூக்குவதற்கும் கொடுத்த பணம் போனது போனதுதான், ஆனாலும் அவ்வளவு நல்ல செலவை நாங்கள் வேறெதற்கும் செய்ததில்லை.

விற்பவர்கள் 10, 6, 4 என்று சொல்லும் எண்கள் உங்களுக்குப் பழக்கமானவையே: அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத்தகடு 6, மேற்கூடு 4. அது படகு பிறந்தபோது இருந்த கனம். இப்போது மிச்சமிருப்பது எவ்வளவு என்பதே கேள்வி, அதைத் தண்ணீருக்கு வெளியே அளந்தால் மட்டுமே சொல்ல முடியும். பழைய படகுகளுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் சர்வே அறிக்கை கேட்பதும், 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் முழுக் காப்பீடு தரத் தயங்குவதும் வழக்கம். தேய்ந்த தகட்டின் மேல் புதிய தகடு பற்றவைத்திருக்கிறோம், இனிக் கவலையில்லை என்று சிலர் சொல்வார்கள். நன்றாகச் செய்திருந்தால் அது பல ஆண்டுகள் உழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் கூடுதல் எடையால் படகு தாழ்ந்து மிதக்கும் என்பதையும், பக்கவாட்டில் உள்ள வடிகால் துளைகள் அந்த அளவுக்குத் தண்ணீரை நெருங்கியிருக்கும் என்பதையும் சர்வேயரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எஃகு அரிபட இன்னொரு வழியும் உண்டு. அது கரை மின்சாரம். மரீனாவில் பல படகுகள் ஒரே மின் இணைப்பின் எர்த் கம்பியைப் பகிர்ந்துகொள்ளும்போது, தண்ணீரோடு சேர்ந்து அவை எல்லாமே ஒரு பெரிய பேட்டரியாக மாறி, பாதுகாப்பில்லாத படகின் எஃகு கரையத் தொடங்குகிறது. அதைத் தடுக்கும் கால்வானிக் ஐசொலேட்டர் அல்லது தனிப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் பொருத்தியிருக்கிறார்களா, எஃகுக்குப் பதிலாகத் தாமே கரையும் மெக்னீசிய ஆனோடுகளைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள், தார்ப் பூச்சு எந்த ஆண்டு நடந்தது என்று கேளுங்கள். கேட்பதோடு நிற்காமல் ரசீதையும் காட்டச் சொல்லுங்கள். தாரை இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எபாக்ஸி பூசியிருந்தால் இன்னும் சில ஆண்டு தாங்கும்.

வெளியே பார்த்த பிறகு, உள்ளிருந்தும் பார்க்க வேண்டும். இதற்கு எவருடைய உதவியும் தேவையில்லை. பின்பக்கப் படிக்கட்டின் அடியில், தரைப்பலகையில் ஒரு சிறு மூடி இருக்கும். விற்பவர் தேநீர் போடப் போகும்போது முழந்தாளிட்டு அதைத் திறந்து, கையை விட்டுத் தொடுங்கள். படகு பின்பக்கம் சற்றுத் தாழ்ந்து மிதப்பதால், குளியலறைக் கசிவோ சன்னல் கசிவோ எங்கே தொடங்கினாலும் தண்ணீர் கடைசியில் அங்கேதான் வந்து தேங்கும். காய்ந்த தூசி கையில் ஒட்டினால் நிம்மதி. செதில் செதிலாக ஈரத் துரு வந்தால், அந்த அடித்தகடு மேலிருந்தும் கீழிருந்தும் அரிபட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். நாங்கள் பார்த்த பத்தொன்பது படகுகளில் அந்த மூடியே இல்லாதவை மூன்று. அவற்றை அத்தோடு விட்டுவிட்டோம்.

இன்ஜினைப் பற்றி அத்தானுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றை மட்டும் நினைவூட்டுங்கள். படகில் ஏறியதும் முதல் வேலையாக இன்ஜின் மேல் கை வைத்துப் பார்க்கட்டும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் அது கிளம்பத் திணறுகிறதா என்பதை மறைக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ரஸ்ஸல் நியூபெரி, கார்டினர் போன்ற பழைய இன்ஜின்களின் துடிப்பில் அவருக்குள்ள மயக்கம் எனக்குத் தெரியும். அவை தங்களுக்கென்று ஓர் அறையையே எடுத்துக்கொள்ளும். 57 அடியில் அந்த அறை பேரப்பிள்ளைகளின் கட்டிலிலிருந்துதான் போகும். இதில் உங்கள் பக்கம் நான்.

பின்தளத்தின் அமைப்பில் இம்முறை மாற்றம் தேவை என்று நினைக்கிறேன். இப்போதுள்ள டிராடிஷனல் பின்தளத்தில் ஒருவர் மட்டுமே சுக்கானோடு நிற்க முடிவதால், அத்தான் மணிக்கணக்கில் தனியே நிற்பதும், நீங்கள் முன்பக்கம் தனியே உட்கார்ந்திருப்பதுமாக உங்கள் பயணங்கள் கழிகின்றன. குரூசர் பின்தளம் விசாலமானது, ஆனால் இன்ஜினுக்கு மேலுள்ள பலகை இடுக்குகளில் மழைநீர் இறங்கும், குளிர்காலத்தில் காற்றுக்கு மறைவும் கிடையாது. இரண்டுக்கும் இடைப்பட்ட செமி-டிராட் உங்களுக்குப் பொருந்தும்: பக்கச் சுவர்கள் காற்றைத் தடுக்கும், உள்ளே இருபுறமும் இருக்கைகள், முழங்கால் வலிக்கும்போது மாறி மாறி உட்காரலாம், பிள்ளைகளும் கண் முன்னே பத்திரமாக இருப்பார்கள்.

கழிப்பறையைக் குறித்து எழுதக் கூச்சப்பட்டுப் பயனில்லை. உங்கள் பழைய படகில் இருப்பது பம்ப்-அவுட் தொட்டி, படகையே கழிவுநிலையத்துக்கு ஓட்டிப்போய் உறிஞ்சி எடுக்க வேண்டிய வகை. கால்வாய் உறைந்துபோன வாரத்தில், படகை நகர்த்த முடியாமல், நிறைந்த தொட்டியோடு நீங்கள் பட்ட பாடு நினைவிருக்கும். கழற்றி எடுக்கக்கூடிய பெட்டியுள்ள கசெட் வகையாக இருந்தால், பனியில் படகு அசையாவிட்டாலும் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கழிவுநிலையத்துக்கு நடந்தே கொண்டுபோய்க் கொட்டிவிடலாம். கூடுதலாக ஒரு பெட்டி வைத்துக்கொண்டால் கவலையே இல்லை. ஆனால் இதை மாற்றுவது கடினமான வேலையல்ல. மற்றதெல்லாம் பிடித்துப்போய் இது மட்டும் பம்ப்-அவுட்டாக இருந்தால் அந்தப் படகை விட்டுவிடாதீர்கள்.

சமையலறை, விளக்கு, சோலார் பலகை, பேட்டரி எல்லாமே பின்னால் மாற்றிக்கொள்ளக்கூடியவை. மாற்ற முடியாதது சுவருக்குப் பின்னால் இருக்கிறது. குளிரைத் தடுக்கப் பாலிஸ்டைரீன் அட்டை வைத்திருக்கிறார்களா, நுரை தெளித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். நுரை தகட்டோடு ஒட்டிக்கொள்வதால் அதற்கும் எஃகுக்கும் நடுவே காற்று புகுந்து வியர்ப்பதில்லை. பாலிஸ்டைரீன் மின்கம்பியின் பிவிசி உறையோடு ஒட்டிக் கிடந்தால், நாளடைவில் அந்த உறை இறுகி வெடிக்கும். குளிர்காலத்திலும் தங்கப்போகிறவர் என்ற முறையில், கட்டில் மெத்தையைத் தூக்கி அடிப்பக்கத்தை முகர்ந்து பார்க்க வெட்கப்படாதீர்கள். பூசண வாசனையை எந்த நறுமணத் திரவமும் மெத்தைக்கு அடியில் மறைப்பதில்லை.

கடைசியாகக் காகிதங்கள். இந்தப் படகுகளுக்கு உரிமையாளர் யார் என்று உறுதிப்படுத்தும் கட்டாய அரசுப் பதிவேடு இல்லை. எனவே முந்தைய விற்பனைப் பத்திரங்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா, கடன் நிலுவை ஏதும் இல்லை என்று எழுதித் தருகிறார்களா, 1998-க்குப் பின் கட்டியதாக இருந்தால் படகுக் கட்டுமான விதிப்படியான சான்றுகள் உண்டா, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெற வேண்டிய பாதுகாப்புச் சான்றிதழ் எப்போது முடிகிறது என்பவற்றைப் பணம் கைமாறுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். சர்வேயரை நீங்களே அமர்த்துங்கள். விற்பவர் கையில் வைத்திருக்கும் அறிக்கை எவ்வளவு புதியதானாலும் அது அவருக்காக எழுதப்பட்டது.

வரும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் எங்கள் படகுக்குச் சாப்பிட வாருங்கள். குறிப்பேட்டையும் எடுத்து வாருங்கள், சேர்ந்தே எண்ணிவிடுவோம். எங்களுடையது 55 அடி, செமி-டிராட். சாப்பிட்ட பின் அத்தானைக் கட்டிலில் நீட்டிப் படுக்கச் சொல்லி, கால் சுவரில் இடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அவர் உயரத்துக்கு ஆறேகால் அடிக் கட்டில் போதுமா என்பது எனக்கே இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் தங்கை