குலுக்கல் போடுங்கள்: சிகாகோ பீர் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடைக்கார நண்பர்களுக்கு வணக்கம்.

அரிதான பீருக்கு வரிசை வேண்டாம், குலுக்கல் போடுங்கள் என்று ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதி உங்களில் ஒருவரிடம் கொடுத்தேன். பதில் இல்லை. அதனால் கோபப்பட வசதியான என் மொழியில் எழுதுகிறேன். படித்துச் சொல்ல உங்கள் கடைக்கு வரும் தமிழர் ஒருவர் கிடைக்காமலா போவார்?

தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. சிகாகோவின் கூஸ் ஐலண்ட் பீர் கம்பெனியின் பர்பன் கவுண்ட்டி ஸ்டவுட், அதாவது பர்பன் விஸ்கி பீப்பாயில் ஊறிய கருப்பு பீர், வரும் நாள். போன வருடம் விடிகாலை நாலரைக்கு உங்களில் ஒருவருடைய கடை வாசலில் நின்றேன். எனக்கு முன்னால் ஆறு பேர், அதாவது ஆறு மடக்கு நாற்காலிகள். அவற்றில் நான்கில் ஆளே இல்லை. ஹீட்டர் ஓடும் காரில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ரேஷன் கடையில் பாமாயிலுக்குப் பையும் செங்கல்லும் வைத்து இடம் பிடித்த ஊரிலிருந்து வந்தவன் நான். நாற்காலியைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. ரேஷன் கடையில் ஒரு செங்கல்லுக்கு ஒரு கார்டுதான். இங்கே எட்டரை மணிக்கு ஒவ்வொரு நாற்காலிக்கும் மூன்று பேர் முளைத்தார்கள்.

எனக்குப் பின்னால் நின்றவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கோட்டுக்குள்ளிருந்து இரண்டு வருடம் பழைய பாட்டில் ஒன்றை எடுத்துத் திறந்து, காகிதக் கோப்பைகளில் ஆளுக்கு ரெண்டு மடக்கு ஊற்றினார். தெருவில் குடிக்கலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. டிகாக்‌ஷனைவிடக் கருப்பு, எண்ணெய் மாதிரி கனம். மேலே வந்த பழுப்பு நுரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. முதல் மடக்கில் குளிர்தான் தெரிந்தது. “கையில் வைத்துக் கொஞ்சம் சூடாக்கு” என்றார். ஐந்து நிமிடம் கழித்து வெனிலா வந்தது, அப்புறம் தீய்ந்த தேங்காய், கடைசியில் கருப்பட்டிப் பாகு. பதினாலு சதவீத ஆல்கஹால் தொண்டையில் இறங்கும்போதுதான் தன்னைக் காட்டிக்கொண்டது. அன்றைக்கு நான் குடித்த நல்ல பீர் அதுதான், அதற்கு டோக்கன் தேவைப்படவில்லை.

ஒன்பது மணிக்குக் கதவு திறந்தது. வெளியே முப்பது பேர், பன்னிரண்டு டோக்கன். ஏழாவதாக வந்த எனக்கு இல்லை. சரி, போகட்டும் என்று சாதாரண ஸ்டவுட் ஒன்றை எடுத்துக்கொண்டு பில் போடப் போனேன். கல்லாவுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே அதே பர்பன் கவுண்ட்டியில் சிகாகோ வட்டாரத்துக்கென்றே வரும் புரொப்ரைட்டர்ஸ் என்ற வகைப் பாட்டில்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் மஞ்சள் சீட்டு, சீட்டில் பெயர். கேட்டால், “ரெகுலர் கஸ்டமர்ஸ்” என்றார்கள். வாசலில் நாலரை மணிநேரம் குளிரில் நின்றவர்களிடம் இதை நாலரைக்கே சொல்லியிருக்கலாம்.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். பர்பனைப் புதிதாகச் சுட்ட ஓக் பீப்பாயில்தான் ஊறவைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பர்பன் ஊறிய பீப்பாய் மறுபடி பர்பனுக்கு ஆகாது. அப்படிக் கழித்துவிட்டதில்தான் ஸ்டவுட் மாதக்கணக்கில் உறங்குகிறது. ஒரு பீப்பாய் சுமார் 200 லிட்டர், அதிலும் ஆவியாகப் போவது போக மிச்சம்தான். ஆகவே சரக்கு கொஞ்சம்தான் வரும். அதுவும் நேராக உங்களுக்கு வருவதில்லை. 1933இல் மதுவிலக்கு முடிந்தபின் வந்த ஏற்பாட்டில், காய்ச்சுபவர் மொத்த வியாபாரிக்கு விற்க, அவர்தான் உங்களுக்குப் பிரித்துத் தருகிறார். வருடம் முழுக்க வந்து வாங்குபவருக்கு ஒரு பாட்டில் எடுத்து வைக்க உங்களுக்கு ஆசை இருக்கும். வையுங்கள். எத்தனை பாட்டில் அப்படிப் போகிறது என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டு வையுங்கள்.

மிச்சத்துக்குக் குலுக்கல் போடுங்கள். ஒரு வாரம் முன்னால் கடைக்கு வந்து பெயர் கொடுக்கட்டும், அடையாள அட்டை காட்டட்டும், ஆளுக்கு ஒரு சீட்டு. வியாழக்கிழமைக்கு முன் முடிவு சொல்லிவிடுங்கள். வான்கோழி சாப்பிட்ட கையோடு யாரும் நாற்காலி தூக்க வேண்டாம். நாற்காலி வைத்துவிட்டுத் தூங்குபவனுக்கும், இரவு வேலை முடித்து வரும் நர்ஸுக்கும், முட்டிவலிக்கார டிரைவருக்கும் ஒரே வாய்ப்பு. குலுக்கல் சீட்டிலும் தில்லுமுல்லு உண்டு என்பீர்கள். உண்டுதான். 2014இல் ஃப்ளோரிடாவின் தாம்பா நகரில் சிகார் சிட்டி என்ற பீர் கம்பெனி நடத்திய ஹுனாபு தினம் என்ற பீர் விழாவில் போலி டிக்கெட்டோடு கூட்டம் புகுந்து, பீர் கிடைக்காமல் கலாட்டாவானது. சீட்டில் பெயரைப் போட்டு, அட்டையோடு ஒத்துப்பார்த்துக் கொடுத்தால் உங்கள் பன்னிரண்டு பாட்டிலுக்கு அந்தக் கதி வராது.

இன்னொன்று. பில் போட்டவுடன் மூடியில் பேனாவால் ஒரு கோடு இழுங்கள், ரப்பர் ஸ்டாம்ப் இருந்தால் இன்னும் நல்லது. போன வருடம் அன்று இரவே இணையத்தில் ஒரு மூடிய குழுவில், மஞ்சள் சீட்டைக் கிழித்த பசை கழுத்தில் அப்படியே தெரிய, அதே வகைப் பாட்டில் உங்கள் விலைக்கு நாலு மடங்கில் விற்பனைக்கு நின்றது. படம் என் போனில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது விற்பது குற்றம் என்பது அவர்களுக்கும் தெரியும். சினிமா டிக்கெட்டை பிளாக்கில் விற்றவன்கூட கூட்டத்தில் முகத்தைக் காட்டித்தான் விற்றான். கோடு போட்ட மூடிக்கு அங்கே மவுசு குறையும். குடிக்க வாங்கியவனுக்குக் கோடு ஒரு பொருட்டே இல்லை.

வாங்கிப் பதுக்குபவர்களுக்காக நான் ரொம்ப வருத்தப்படவும் இல்லை. 2015 பர்பன் கவுண்ட்டியில் ஒரு பகுதி பாக்டீரியா புகுந்து புளித்துப்போனதும், கம்பெனி பணத்தைத் திருப்பித் தந்து அடுத்த வருடம் முதல் பாஸ்டரைஸ் செய்ய ஆரம்பித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அலமாரியில் வைத்து அழகு பார்த்தவர்கள் எல்லாம் பாட்டிலைத் தூக்கித் தேதியைத் தேடினார்கள்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு ஒரு வாரம் முன்னால் வந்து என் பெயரைக் கொடுக்கிறேன். விழுந்தால் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, காலை உணவு முடித்துவிட்டு வருவேன். விழாவிட்டால் பஸ் டிரைவருக்கு போன் போடுவேன். அவரிடம் இன்னும் ரெண்டு பாட்டில் இருக்கிறதாம்.

இப்படிக்கு,
ஏழாவதாக நின்றவன்