மீன் ஏலக் கூடத்துக்கு லெட்டர்ஹெட் கிடையாது, ஐயா

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களுக்கும், பொருளியல் துறைத் தலைவர் அவர்களுக்கும், இன்டர்ன்ஷிப் ஒருங்கிணைப்பாளர் ஐயா அவர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற செவ்வாய்க்கிழமை என் இன்டர்ன்ஷிப் அறிக்கை திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் மூன்று குறிப்புகள்: 'லெட்டர்ஹெட் இல்லை', 'ஜிஎஸ்டி எண் இல்லை', 'இது நிறுவனம் அல்ல'. உள்ளே இருந்த 42 பக்கங்களில் ஒரு பென்சில் கோடுகூட இல்லை. படித்திருந்தால் எங்காவது ஒரு பிழை கண்ணில் பட்டிருக்கும். நான் அவ்வளவு நன்றாக எழுதுகிறவள் இல்லை.

ஐந்தாம் பருவத்தில் இன்டர்ன்ஷிப் கட்டாயம், அதற்கு 2 கிரெடிட், இடத்தை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் நீங்கள் வகுத்த விதி. நான் தேடியது வடசென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில். மீன் ஏலம் விடும் ஒரு அத்தையிடம் (உறவில் அத்தை இல்லை, தெருவே அப்படித்தான் கூப்பிடும்) 30 நாள் கணக்கு எழுதினேன். அதிகாலை மூன்றரை மணிக்குப் போய் ஏழரைக்குத் திரும்பி, குளித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தேன். குளித்த பிறகும் மீன் வாடை போகவில்லை என்று வகுப்பில் யாராவது நகர்ந்து உட்கார்ந்தால் அது வேறு கதை. அதற்கு உங்களிடம் நிவாரணம் கேட்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். லெட்டர்ஹெட் இல்லாத இடத்தில் செய்த வேலையையும் பயிற்சியாக ஏற்றுக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு நாள் வந்து பாருங்கள்.

அங்கே என்ன வேலை நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், அறிக்கையைப் புரட்ட நேரம் கிடைக்கவில்லை என்பதால். படகிலிருந்து இறங்கும் மீனைத் தரையில் கூறு கூறாகக் கொட்டுவார்கள். பெரும்பாலும் எடை கிடையாது, கண்தான் தராசு. அத்தை ஒரு விலையில் தொடங்குவார், சுற்றி நிற்பவர்கள் ஏற்றிக்கொண்டே போவார்கள், அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த அரை நிமிடத்துக்குள் வாங்கியவர் பெயர், மீன், விலை, ரொக்கமா கடனா என்று நான் எழுதி முடிக்க வேண்டும். அடுத்த கூறு தொடங்கியிருக்கும். முதல் வாரத்தில் இரண்டு கூடை சங்கராவை ஆள் மாற்றி எழுதிவிட்டேன். அதைச் சரிக்கட்ட என் நாலு நாள் கூலி போயிற்று. நமது துணைப்பாடத்தில் பிழைதிருத்தப் பதிவு என்று ஒரு முழுப் பாடம் இருக்கிறது. அது எதற்காக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

வாங்க வரும் பெண்கள் மேலே இருக்கும் மீனைப் பார்ப்பதில்லை. கையைக் கூடையின் அடிவரை விட்டு ஒன்றை உருவி, செவுளைத் தூக்கி நிறம் பார்ப்பார்கள். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிக் கெடும் என்று பொருளியலாளர் ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்களை வைத்து எழுதியதை நீங்கள்தான் நடத்தினீர்கள். செவுளைத் தூக்கிப் பார்க்கிற அந்தக் கைக்கு என் அறிக்கையில் நான்கு பக்கம் கொடுத்திருக்கிறேன்.

அதைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது வேறொன்று. படகு கடலுக்குப் போகுமுன் டீசலுக்கும் ஐஸுக்கும் அத்தை முன்பணம் கொடுக்கிறார். வட்டி என்று ஒரு பைசா கணக்கில் இல்லை. ஆனால் அந்தப் படகின் மீன் அத்தையின் ஏலத்துக்குத்தான் வர வேண்டும், கமிஷன் அங்கேதான் கழியும். வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பேரேட்டைப் புரட்டிக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. கடன் சந்தையும் சரக்குச் சந்தையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதைப் பாடநூலில் ஒரு பத்தியாகப் படித்துவிட்டுத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். அதே பேரேட்டில் 30 நாள் உட்கார்ந்திருந்தால், நீங்கள் சொல்கிறீர்கள், அது நிறுவனம் அல்ல.

ஜிஎஸ்டி எண் பற்றி, மரியாதையோடு ஒரு வார்த்தை. உறைய வைக்காத புது மீனுக்கு ஜிஎஸ்டி கிடையாது. வரிவிலக்குள்ள சரக்கை மட்டும் விற்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டியதும் இல்லை. அத்தையின் வருமானம் கமிஷன்தானே என்று கேட்டால், சேவைக்கான பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய். அவர் கமிஷன் அந்த வரம்பை எட்டியிருந்தால் எனக்கு நாளுக்கு 200 ரூபாயும் ஒரு கவர் மத்தியுமா கொடுத்திருப்பார்? மறைமுக வரி பற்றி இரண்டாம் ஆண்டில் நாங்கள் படித்தோம். ஜிஎஸ்டி எண் கேட்கும் விதியைத் தயாரித்தவர்களும் படித்திருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

'கோடை விடுமுறையில் செய்திருக்க வேண்டும்' என்று வாய்மொழியாக இன்னொரு குறையும் சொன்னீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக்கிடக்கும். மீன்கள் கல்லூரி நாட்காட்டியைப் பார்த்து இனப்பெருக்கம் செய்வதில்லை.

சரி, எது நிறுவனம்? எங்கள் வகுப்பில் எனக்குத் தெரிந்தே பலர் ஆளுக்கு 3,000 ரூபாய் கட்டி, வீட்டிலிருந்தே ஒரு சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். பளபளப்பான லெட்டர்ஹெட், வட்ட முத்திரை, ஜிஎஸ்டி எண், எல்லாம் இருக்கின்றன. வேலை மட்டும்தான் இல்லை. அத்தனையும் ஏற்கப்பட்டன. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நிறுவனங்கள் இருக்கும் தென்சென்னைப் பக்கத்துச் சிறுசேரிக்கும் கிண்டிக்கும் சம்பளமில்லாமல் ஒரு மாதம் போய்வர முடியாதவர்கள் வேறென்ன செய்வார்கள்? அங்கே போய்வரும் நேரத்தில் வீட்டுக்கு வராமல் போகிற கூலிக்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். அதுவும் பாடத்தில் இருக்கிறது. சான்றிதழ் ஒருவரின் திறமைக்குச் சமிக்ஞையாக வேண்டுமானால் அதைப் பெறுவது திறமையில்லாதவருக்குக் கடினமாக இருக்க வேண்டும் என்று 1973-இல் மைக்கேல் ஸ்பென்ஸ் காட்டினார். ஏக்கர்லாஃபோடும் ஸ்டிக்லிட்ஸோடும் 2001-இல் பொருளியல் நோபல் பரிசும் பெற்றார். நம் துறை அந்தச் சமிக்ஞையின் விலையை 3,000 ரூபாயாக இறக்கிவிட்டது.

இதில் இன்னொரு விசித்திரம். துறைமுகம் இங்கே வடசென்னையில் இருக்கிறது. மணலியில் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரை ஒட்டி அனல்மின் நிலையம், பாரிமுனையில் தெருத்தெருவாக மொத்த வியாபாரம். கண்டெய்னர் லாரிகள் எங்கள் சாலைகளில் வரிசை கட்டி நிற்கின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது மீன் வாங்க ஆளில்லாமல் அம்மா கூடையோடு திரும்பிய நாட்கள் உண்டு. ஒருவர் செய்யும் தொழிலின் கேடு வேறொருவர் தலையில் விழுவதற்குப் புறவிளைவு என்று பெயர். அதற்கு எங்களுக்குத் தனி விளக்கம் தேவைப்படவில்லை. புகையும் எண்ணெயும் எங்களைத் தேடி வரும், இன்டர்ன்ஷிப்புக்கு மட்டும் நாங்கள் ஐ.டி. நிறுவனங்கள் இருக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்குப் போக வேண்டும். வடசென்னையில் இருந்துகொண்டு வடசென்னையின் வேலையிடங்களைப் பயிற்சியிடமாகவே ஏற்காத விதியைத் தயாரிப்பதற்கும் ஒரு திறமை வேண்டும்தான்.

மன்னிக்கவும், கடிதம் எங்கோ போய்விட்டது. கேட்க வந்ததைப் பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். லெட்டர்ஹெட்டுக்குப் பதிலாக, செய்த வேலையின் பதிவேட்டையும் வேலை கொடுத்தவரின் கையெழுத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அத்தை கையெழுத்துப் போடுவார். போட்டும் இருக்கிறார், கடைசிப் பக்கத்தில். ஆசிரியர் ஒருவர் ஒரே ஒரு காலை நேரில் வந்து பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டத்தில் நிற்க இடமிருக்காது. பார்த்த பிறகு இது பயிற்சி இல்லை என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். ஆறாம் பருவத்தில் நீங்கள் சொல்லும் இடத்தில் மறுபடி செய்கிறேன்.

இன்னொரு சிறு வேண்டுகோள். அறிக்கை திரும்பி வந்துவிட்டது. ஆனால் இணைப்பாகக் கொடுத்த நீல அட்டை நோட்டு இன்னும் துறை அலமாரியில்தான் இருக்கிறது. அது அசல் கணக்கு நோட்டு. அத்தைக்கு வர வேண்டிய 11,400 ரூபாய்ப் பாக்கி யார் யாரிடம் நிற்கிறது என்பது அதில் மட்டும்தான் எழுதியிருக்கிறது. மதிப்பெண் தருகிறீர்களோ இல்லையோ, அந்த நோட்டை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். அன்று வசூல் நாள்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு பொருளியல் மாணவி,
காசிமேடு