கயலுக்கு, சைலன்சர் மாற்றுவதற்கு முன்

அன்புள்ள கயலுக்கு,

உன் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் பைக்குக்கு வேறு சைலன்சர் போட வேண்டும், ஜூலையில் லே கிளம்புவதற்குள் முடிய வேண்டும், புனேயில் எந்த மெக்கானிக்கிடம் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். யாரிடமும் கொடுக்க வேண்டாம் கண்ணு, நீயே செய்துவிடலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கிளாம்ப், பின்னால் தாங்குகிற ஒரு போல்ட், அவ்வளவுதான் பிடிமானம். அந்த நாலு இடத்தையும் அவசரப்படாமல் செய்ய வேண்டும். கடைக்காரர் அரை மணி நேரத்தில் முடித்துக் கையில் கொடுப்பார். நீ செய்தால் ஒரு முழுக் காலைப் பொழுது பிடிக்கும். லே ரோட்டில் போல்ட் கழன்றால் எது கழன்றது, ஏன் கழன்றது என்று உனக்கே தெரியும்.

முதலில் எதை வாங்குவது. ஸ்லிப்-ஆன், அதாவது பைப்பின் பின்முனையில் செருகி மாட்டும் சைலன்சர் மட்டும் வாங்கு. இன்ஜினிலிருந்து இறங்கி வரும் பெண்ட் பைப்பில் கை வைக்காதே. உன் வண்டியில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இரண்டும் அந்தப் பெண்ட் பைப்புகளுக்குள்தான் இருக்கின்றன. ஆக்சிஜன் சென்சார்கள் அதற்கும் முன்னால். சைலன்சரை மட்டும் மாற்றினால் சென்சார் படிக்கும் புகை மாறாது, இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ வழக்கம்போலப் பெட்ரோலை அளந்துகொள்ளும். ரீமேப், அதாவது ஈசியூவின் பெட்ரோல் கணக்கை (மேப்பை) மாற்றி எழுதுவது, தேவையில்லை, புகைச் சான்றிதழுக்கும் சிக்கல் வராது. 'ஃபுல் சிஸ்டம் போடுங்க மேடம், பிக்கப் பிரமாதமா இருக்கும்' என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடு. அதில் பெண்ட் பைப்பும் மாறிக் கன்வெர்ட்டர் போய்விடும், மேப் மாற்ற வேண்டிவரும், அந்த மேப் ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பது புனேயில் தெரியாது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். வண்டியின் சக்தி குறையத்தான் செய்யும், எந்தச் சைலன்சரும் அதைத் திருப்பித் தராது.

ஸ்லிப்-ஆனால் கிடைக்கிற நிஜமான லாபம் எடை. கம்பெனி சைலன்சர் ஒன்றைக் கழற்றிக் கையில் தூக்கிப் பார், புரியும். சக்தி கூடியது போலத் தோன்றுவதில் பெரும்பங்கு சத்தம்தான். சத்தத்தை விலை கொடுத்து வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் தவறில்லை.

இரண்டு பக்கமும் ஒரே மாடலாக, ஜோடியாக வாங்கு. உலோகத்தைக் கேட்டுக்கொள். 304 ஸ்டெயின்லெஸ் என்றால் காந்தம் ஒட்டவே ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான். நன்றாகக் கவ்விப் பிடித்தால் அது 409 ரகமோ சாதா இரும்போ. 409 கெட்டதில்லை, கம்பெனிகளே போடுகின்றன, ஆனால் மேற்பரப்பு பழுப்பேறும். 304 விலைக்கு 409ஐத் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள். அடுத்தது வாய் அளவு. உன் பெண்ட் பைப்பின் வெளி விட்டத்தை வெர்னியரில் அளந்துகொண்டு, சைலன்சர் வாயின் உள் விட்டத்தோடு ஒப்பிட்டுப் பார். இடையில் கசிவை அடைக்கும் கிராஃபைட் வளையமான கேஸ்கட் வரும் மாடலா, உலோகத்தோடு உலோகம் பொருந்தும் மாடலா என்று விற்பவரிடம் தெளிவாகக் கேள். கேஸ்கட் வரும் மாடல் என்றால் புதிதாக இரண்டு வாங்கு. பழையதைத் திரும்பப் போடாதே, ஒரு முறை நசுங்கிய கிராஃபைட் மறுபடி அடைக்காது.

டிபி கில்லர், அதாவது சத்தத்தைக் குறைக்கப் புகை வாயில் செருகும் குழாய், இல்லாத சைலன்சர் வேண்டவே வேண்டாம், இருப்பதைக் கழற்றவும் வேண்டாம். 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்குத் தயாரிப்பு நிலையில் அனுமதித்த சத்தம் 80 டெசிபல். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன் கீழ் சத்தம், புகை விதிகளை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதத்துக்கு முடங்கலாம். பறிமுதல் செய்த சைலன்சர்களைப் பல ஊர்களில் ரோட் ரோலர் ஏற்றி நசுக்குவதை நீயே செய்தியில் பார்த்திருப்பாய். வெளிநாட்டுச் சான்று முத்திரை குத்தியிருக்கிறது என்று காட்டினாலும் நம் ஊரில் செல்லாது. இன்சூரன்ஸ்காரர்களுக்கும் எழுதித் தெரிவித்துவிடு. சட்டத்தை விடு, உன் காது முக்கியம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுக்க ஒரே ஆர்பிஎம்மில் ஓட்டும்போது ஹெல்மெட்டுக்குள் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் விடாமல் கேட்கும். ஊருக்குள் பத்து நிமிடம் ஓட்டும்போது இனிமையாக இருக்கிற சத்தம் நானூறாவது கிலோமீட்டரில் தலைவலியாகிவிடும். அதனால் வாங்கும் முன் அதே சைலன்சர் போட்ட வண்டி ஒன்றை ஹைவேயில் ஓட்டிப் பார்.

இனி வேலை. முந்தின நாள் ராத்திரியே நாலு போல்ட்டுக்கும் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊற விடு. காலையில் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும். மெயின் ஸ்டாண்ட் போட்டு, அடியில் பழைய போர்வை விரி. 12-13 ஸ்பானர், ஆலன் கீ செட், அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச், ரப்பர் சுத்தியல் போதும். கிளாம்ப் போல்ட்டை முதலில் தளர்த்து, கழற்றிவிடாதே. பிறகு பின் ஃபூட்ரெஸ்ட் பிராக்கெட்டில் இருக்கிற போல்ட்டை எடு. எடுக்கும்போது இன்னொரு கை சைலன்சருக்குக் கீழே இருக்கட்டும். அது சட்டென்று தொங்கினால் அந்தக் கனம் முழுவதும் பெண்ட் பைப்பில் விழும், சிலிண்டர் ஹெட்டில் பைப்பைப் பிடித்திருக்கிற மரைத் தண்டுகளான ஸ்டட்கள் வரை இழுக்கும். அந்த ஸ்டட் முறிந்தால் அரை நாள் வேலை ஒரு வார வேலையாகிவிடும். சைலன்சரை இடமும் வலமுமாகத் திருகித் திருகிப் பின்னால் இழு. வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் ஸ்ப்ரே, இன்னும் கொஞ்ச நேரம். ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பாதே, பக்கத்தில் இருப்பது அலுமினியம்.

பைப் முனையில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கட்டைப் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டி, நைசான உப்புத்தாளால் துடைத்துவிடு. கரி வளையமாக எங்கே படிந்திருக்கிறது என்று பார். ஒரே பக்கத்தில் கறுப்பாகக் கோடு வெளியே ஓடியிருந்தால் அங்கே ஏற்கெனவே கசிந்திருக்கிறது.

புதியதை மாட்டும்போது எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. சைலன்சர் வாயில் நீளவாக்கில் வெட்டு இருக்கும், கிளாம்ப் இறுகும்போது வாய் சுருங்குவதற்காக. அந்த வெட்டு எவ்வளவு நீளம் என்று முதலில் அளந்து, அதைவிட ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளிப் பெண்ட் பைப்பில் மார்க்கரால் கோடு போட்டுக்கொள். சைலன்சர் வாய் அந்தக் கோடு வரை ஏற வேண்டும். வெட்டு 35 மில்லிமீட்டர், பைப் உள்ளே போனது 25 என்றால், கிளாம்ப்பை எவ்வளவு முறுக்கினாலும் மீதிப் பத்து மில்லிமீட்டர் வெட்டு வழியே புகை வந்துகொண்டேதான் இருக்கும். கசிகிறதே என்று இன்னும் முறுக்கி, மரை போனதுதான் மிச்சம் என்று ஆகிவிடும். கிளாம்ப் போல்ட்டின் தலை தரையைப் பார்க்காமல் உள்பக்கமாகவும், ஸ்பானர் நுழையும்படியும் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் முதலில் கை முறுக்கில் மட்டும் வை. பின்னால் போல்ட் ஓட்டையும் பிராக்கெட் ஓட்டையும் தானாக நேருக்கு நேர் வர வேண்டும். சைலன்சரை இழுத்துப் பிடித்தால்தான் போல்ட் நுழைகிறது என்றால், திருகி, முன்பின் நகர்த்திச் சரிசெய். போதவில்லை என்றால் வாஷர் வைத்து இடைவெளியை நிரப்பு. இழுத்துக் கட்டினால் என்ன என்று கேட்பாய். ஸ்டெயின்லெஸ் பைப் சூடானால் நீளும். அறுபது சென்டிமீட்டர் நீளம் 300 டிகிரி ஏறினால் மூன்று மில்லிமீட்டர் நீளும். அந்த மூன்று மில்லிமீட்டரை வாங்கிக்கொள்ளத்தான் பின் பிடிமானத்தில் ரப்பர் புஷ் இருக்கிறது. ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் பிராக்கெட், ஒவ்வொரு சூட்டிலும் மறுபடி இழுபட்டு, அதிர்வும் சேர்ந்து வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். ரோட்டில் உடைந்து தொங்கும் சைலன்சர்களில் பல இப்படி உடைந்தவைதான்.

நேராக நின்றதும் முன்னாலிருந்து பின்னாலாக முறுக்கு. கிளாம்ப் முதலில், தாங்கும் போல்ட் கடைசியில். சர்வீஸ் மேனுவலிலும் சைலன்சரோடு வரும் தாளிலும் சொல்லியிருக்கும் அளவுதான் கணக்கு. தாளில் ஒன்றும் இல்லை என்றால் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர், 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 20 முதல் 25. மரையில் காப்பர் கிரீஸ் தீக்குச்சி முனை அளவு தடவு, அடுத்த முறை கழற்ற வரும். கிரீஸ் தடவிய மரை சுலபமாக ஓடும் என்பதால் சொன்ன அளவில் கீழ் எல்லையோடு நிறுத்திக்கொள். நைலான் வளையம் வைத்த நட்டைச் சூடுபடும் இடத்தில் போடாதே, நைலான் இளகிவிடும். முழு உலோக லாக் நட்டு கேட்டு வாங்கு. மரை கழலாமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசையும் 180 டிகிரி வரைதான் தாங்கும். பின்னால் பிராக்கெட்டுக்குப் போடலாம், கிளாம்ப்புக்குக் கூடாது. டிபி கில்லரைப் பிடித்திருக்கும் சின்ன ஆலன் போல்ட்தான் எல்லாவற்றையும்விட முதலில் கழன்று ஓடுவது. அதன் தலையில் துளை இருந்தால் மெல்லிய ஸ்டெயின்லெஸ் கம்பி கட்டிவிடு.

அடைப்பதற்கென்று சாதா சிலிக்கான் பசையை வாங்கி அப்பிவிடாதே. அந்தச் சூட்டைத் தாங்காது, சில வகைகளின் ஆவி ஆக்சிஜன் சென்சாரையும் கெடுக்கும். பொருத்தம் சரியாக இருந்தால் பசையே வேண்டாம்.

ஸ்டார்ட் பண்ணும் முன் ஸ்பிரிட் நனைத்த துணியால் இரண்டு சைலன்சரையும் பெண்ட் பைப்பையும் சுத்தமாகத் துடை. விரல் ரேகையில் இருக்கிற எண்ணெய் முதல் சூட்டிலேயே வெந்து கறையாகிவிடும், அப்புறம் போகாது. ஸ்டார்ட் பண்ணி, பைப் சூடேறுவதற்குள் கனமான கையுறையோடு மடித்த துணியால் ஒரு பக்கத்துப் புகை வாயை ஓரிரு நொடி பாதி மூடு. கிளாம்ப் பக்கம் 'டிக் டிக்' என்றோ 'உஸ்' என்றோ கேட்டால் கசிவு. சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி காட்டும். சென்சாருக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கசிவால் பெட்ரோல் அளவு மாறாது, ஆனால் ஆக்சிலரேட்டரை விட்டதும் பட்பட்டென்று வெடிக்கும். வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, எரியாத பெட்ரோலோடு சேர்ந்து பற்றுவதால் வரும் சத்தம் அது. லேசாக எப்போதாவது வெடித்தால் பரவாயில்லை. ஒரு பக்கம் மட்டும் விடாமல் வெடித்தால் அந்தப் பக்கத்துக் கிளாம்ப்பைப் பார். கசிவு சென்சாருக்கு முன்னால், ஹெட் பக்கம் என்றால் கதை வேறு. நுழைந்த காற்றை வைத்துப் பெட்ரோல் குறைவு என்று சென்சார் சொல்லும், ஈசியூ கூட்டி ஊற்றும், மைலேஜ் விழும், பிளக் கறுக்கும்.

இருபது நிமிடம் ஓட்டி வந்து, நன்றாக ஆறவிட்டு மறுபடி டார்க் ரெஞ்ச் வை. முதல் முறை சூடேறி ஆறும்போது எல்லாம் உட்காரும், கிளாம்ப் கால் சுற்று போகலாம். 500 கிலோமீட்டரில் இன்னொரு தடவை. லே கிளம்புவதற்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே மாற்றிவிடு.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் டூர் வண்டிக்கான சோதனை. வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, பையெல்லாம் ஏற்றி, நீ உட்கார்ந்து, பின்னால் ஒருவரையும் உட்கார வைத்துக் குதிக்கச் சொல். யாராவது பக்கத்தில் குனிந்து பார்க்கட்டும். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், செயின் அட்ஜஸ்டர், பின் பிரேக் ஹோஸ், சேடில் பேக் கம்பி எதுவும் சைலன்சரைத் தொடக் கூடாது. மெயின் ஸ்டாண்ட் மடங்கி நிற்கும் இடத்தையும் பார். சேடில் பேக்கின் அடிப்பகுதிக்கும் சைலன்சருக்கும் இடையே நாலு விரல் இடைவெளி வேண்டும், புகை வாய்க்கு நேரே பை வரவே கூடாது. மழையில் பை நனைந்து கனத்துத் தொங்கும்போது அந்த நாலு விரல் இரண்டு விரலாகிவிடும். கம்பி இல்லாமல் துணிப்பையை மட்டும் தொங்கவிடுவதாக இருந்தால் சைலன்சர் மேல் ஹீட் ஷீல்டு கட்டாயம்.

அடுத்தது ஆக்சில், பின் சக்கரத்தின் அச்சு. உன்னுடையது ஸ்போக் சக்கரம், டியூப் டயர். பஞ்சர் என்றால் பின் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். ஆக்சிலை உருவும் பாதையில் புதுச் சைலன்சர் குறுக்கே நிற்கிறதா என்று வீட்டிலேயே ஒரு முறை உருவிப் பார். நிற்கிறது என்றால் பஞ்சருக்கும் சைலன்சரைக் கழற்ற வேண்டிவரும். அதற்கான ஆலன் கீ வண்டியோடு வரும் டூல்கிட்டில் இருக்காது, நீதான் சேர்த்து வைக்க வேண்டும்.

அதோடு ஒரு சின்னப் பொட்டலம் எடுத்துக்கொள். தாங்கும் போல்ட், நட்டு, வாஷர், ரப்பர் புஷ் ஒரு செட், உபரி கிளாம்ப் ஒன்று, ஒரு மீட்டர் ஸ்டெயின்லெஸ் கம்பி, பெரிய ஹோஸ் கிளிப் இரண்டு. பைப்பில் ஓட்டை விழுந்தால் கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டி இரண்டு சுற்றுச் சுற்றி, இரண்டு ஓரத்திலும் ஹோஸ் கிளிப் போட்டால் அடுத்த ஊர் வரை தாங்கும். பிராக்கெட் உடைந்தால் கம்பியால் ஃபிரேமோடு கட்டு, பிரேக் ஹோஸ் மேல் கம்பி ஓடாமல் பார்த்துக்கொள். நீரோடையைக் கடக்கும்போது புகை வாய் முங்கினாலும் இன்ஜின் ஓடும்வரை தண்ணீர் உள்ளே வராது. நடுவில் நின்றுபோனால் உடனே செல்ஃப் அடிக்காதே, கரைக்குத் தள்ளிக் கொண்டுவந்து, இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை என்று பார்த்துவிட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணு. சைலன்சருக்குள் இருக்கிற கண்ணாடிப் பஞ்சு நனைந்தால் ஒன்றும் ஆகாது, ஓட ஓடக் காய்ந்துவிடும். நாளாக ஆக அந்தப் பஞ்சு எரிந்து குறையும், சத்தம் தகரத்தைத் தட்டுவது போல மாறும். அப்போது ரிவெட்டை எடுத்துப் புதுப் பஞ்சு வைக்க வேண்டும். அது திரும்பி வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கழற்றிய கம்பெனி சைலன்சர்களை யார் கேட்டாலும் கொடுத்துவிடாதே. லேசாக எண்ணெய் துடைத்து, வாயைத் துணியால் அடைத்து, பெயிண்ட் டப்பா பக்கம் இல்லாமல் உலர்ந்த இடத்தில் வை. வண்டியை விற்கும்போதோ, போலீஸ் நோட்டீஸ் வந்தாலோ தேவைப்படும்.

எந்தக் கம்பெனி என்று முடிவானதும் சைலன்சர் வாயையும் அதில் இருக்கும் வெட்டையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பு. முழு உலோக லாக் நட்டு அங்கே கிடைக்காவிட்டால் சொல், காந்திபுரத்தில் வாங்கி கூரியரில் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா